ஏரியின் காதில் விழாமல்

பெட்டி கேட்டால் பொய் சொல்லக் கூடாது என்பது அரசாங்கச் சட்டம். மீன் எவ்வளவு கிடைத்தது என்று யார் கேட்டாலும் உண்மையைச் சொல்லக் கூடாது என்பது ஓடைவாய்க்குப்பத்துச் சட்டம். எங்கள் சட்டம்தான் வயதில் மூத்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து ஆறு வருடம் சம்பளம் வாங்கியவள் நான். இரண்டும் ஒருநாள் முட்டிக்கொள்ளும் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

என் பெயர் பூங்காவனம். ஏரிப் பாதுகாப்புத் திட்டத்தில் களப்பணியாளர், ஒப்பந்த வேலை. எங்கள் உப்பேரியில் ஓடும் நாற்பது படகிலும் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி பொருத்தியிருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி தண்ணீருக்குள் தொங்கி அதன் சூட்டை அளக்கும். படகு கரைக்குத் திரும்பும்போது பெட்டி ஒரு பெண் குரலில், "இன்று எவ்வளவு?" என்று கேட்கும். படகுக்காரர் கிலோவில் பதில் சொல்ல வேண்டும். பெட்டியைத் துடைப்பதும், பாட்டரி மாற்றுவதும், மாதம் ஒருமுறை 'அனைத்தும் சரியாக உள்ளது' என்று கையெழுத்துப் போடுவதும் என் வேலை. எவ்வளவு சுலபமான வேலை பாருங்கள்.

மார்கழி முடியப் பதினைந்து நாள் இருக்கும்போது அந்த உத்தரவு வந்தது. வலைக்கொட்டகையில் பாடு குலுக்கிக்கொண்டிருந்தார்கள். ஏரியில் எந்த இடத்தில் எந்தப் படகு எத்தனை நாள் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பதைத்தான் நாங்கள் பாடு என்போம். என் அண்ணன் தேசப்பனுக்குத் தெற்கு மேட்டுப் பாடு விழுந்திருந்தது. இறால் அள்ளும் இடம். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் எல்லார் போனும் ஒரே சமயத்தில் அடித்தது.

தை முதல் தேதியிலிருந்து மூன்று வருடத்துக்கு ஏரி மூடப்படுகிறது. ஒரு வலையும் இறங்கக் கூடாது. மாற்று வாழ்வாதாரமாக மெழுகுவத்தி, பினாயில் தயாரிக்கப் பயிற்சி தரப்படும்.

"பினாயிலா?" என்றார் அண்ணன். கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டியைக் கொண்டுவந்து மாட்டியவள் நான்தானே.

"இத யாரு போட்டது? கலெக்டரா, மந்திரியா? சொல்லு, போய் கால்ல வுழலாம்" என்றார்.

"யாரும் போடல ண்ணா. நிகரேரி போட்டது."

"அது இன்னாது?"

"நம்ம ஏரி மாதிரியே கம்ப்யூட்டருக்குள்ள ஒரு ஏரி வெச்சிருக்காங்க. நீங்க பெட்டிகிட்ட சொல்றதெல்லாம் அங்க போவுது. அந்த ஏரியில மழை பெய்ய வெச்சு, வெயில் அடிக்க வெச்சு, ஆயிரம் வருஷத்த ஒரே நாள்ல ஓட்டிப் பாப்பாங்க. எந்தச் சட்டம் போட்டா மீன் தங்குதோ, அதான் இங்க சட்டம்."

"மந்திரி மாத்த மாட்டாரா?"

"மாத்த முடியாது. ஓட்டுக்காவ ஆளாளுக்கு மாத்திக்கினு இருந்தாங்கன்னுதான் இந்த ஏற்பாடே. தப்பான தரவு போயிருந்தா மட்டும் திருத்தலாம். பதினஞ்சு நாள் டைம்."

"அந்தப் பெட்டி ஏரில மீன் இல்லன்னா அந்தப் பெட்டி ஏரிய மூடிக்கட்டும். நம்மளுத ஏன் மூடறான்?" என்றார் அண்ணன். நியாயமான கேள்விதான்.

கூட்டம் கலைந்த பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. மீன் இல்லை என்று அது எப்படிச் சொல்கிறது? தினம் பார்க்கிறேனே, கூடை நிறையத்தானே வருகிறது? அண்ணன் பின்னாலேயே போனேன்.

"ண்ணா, நேத்து பெட்டிகிட்ட எவ்ளோன்னு சொன்ன?"

"ஆறு."

"கெடச்சது எவ்ளோ?"

அவர் ஏரியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை இழுத்து, அதற்கடியில் என் கையைப் பிடித்து விரலால் அழுத்திக் காட்டினார். பதின்மூன்று.

எங்கள் ஊரில் பிடித்ததை வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் கண் படும். மனுஷன் கண் பரவாயில்லை, சுற்றிப்போட்டுவிடலாம். ஏரியின் காதில் விழுந்துவிட்டால் அடுத்த பாட்டுக்கு அது கையை இறுக்கிக்கொள்ளும் என்பார்கள். அதனால் பாதி சொல்வோம், இல்லாவிட்டால் "ஏதோ, கஞ்சிக்கு ஆச்சு" என்போம். மீன் வாங்க வருகிறவர்கள் கேட்கவே மாட்டார்கள், கூடையைப் பார்த்துக்கொள்வார்கள். ஆக, ஆறு வருடமாக நாற்பது படகும் ஒரு டிபன் பாக்ஸிடம் பாதிதான் சொல்லி வந்திருக்கிறது. அதுவும் அப்பாவியாக அதை நம்பியிருக்கிறது.

மறுநாள் காலை சென்னைக்குப் பஸ் ஏறினேன். நிகரேரியை வடிவமைத்த ஃபரீதா மேடம் திட்ட அலுவலகத்தின் நான்காவது மாடியில் இருந்தார். நல்ல மனுஷி. என்னைப் போன்ற ஒப்பந்தக்காரிக்கும் நாற்காலி போடச் சொல்லி, டீ வந்த பிறகுதான் பேச்சையே எடுப்பார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க எங்கள் ஏரி நீலமாகத் தெரிந்தது. நாற்பது புள்ளிகள் நகர்ந்துகொண்டிருந்தன. எங்கள் படகைத் தேடிக் கண்டுபிடித்தேன். அங்கே என் அண்ணன் ஆறு கிலோவோடு கரை திரும்பிக்கொண்டிருந்தார்.

விஷயத்தைச் சொன்னதும் மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார்.

"நீங்களும் அந்த ஊர்தானே பூங்காவனம்? ஆறு வருஷமா ஏன் சொல்லல?"

"எனக்கு அது பொய்யாவே தெரியல மேடம். யாராவது ஆறுன்னு சொன்னா எங்க காதுல பன்னெண்டுன்னுதான் விழும்."

"காத்து, அலை, அமாவாசை, பௌர்ணமி எல்லாத்தையும் இதுக்குள்ள போட்டோம்" என்றார் சுவரைப் பார்த்து. "கண் திருஷ்டியப் போடல."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. திருத்தத்துக்கு ஒரு வழி சொன்னார். ஏழு நாள், நாற்பது படகும், தராசில் நிறுத்து, அந்த எடையை அப்படியே பெட்டியிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நிறுத்ததற்கும் முன்னால் சொல்லிவந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து நிகரேரி பழைய கணக்கைத் தானே சரிசெய்துகொள்ளும்.

"ஒரு படகு விட்டாலும் செல்லாது" என்றார்.

ஊருக்குத் திரும்பி இதைச் சொன்னதும் என்னை அடிக்காத குறை. ஏரியை மூடுவதற்கு முன்பே அதன் கையை இறுக்கச் சொல்கிறாயா என்று ஒருத்தர் கத்தினார். கட்டினவளை மூளியாக்கினாலும் ஆக்குவேன், பிடித்ததை மட்டும் சொல்ல மாட்டேன் என்றார் இன்னொருத்தர். அவருடைய கட்டினவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், பாவம். ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று, ஐந்து நாளும் போயிற்று. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அண்ணனே என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார்.

ஆறாம் நாள் காலையில் அண்ணி அஞ்சலைக்குப் பொறுக்கவில்லை. அண்ணன் படகு கரை தட்டியதும் கூடையைத் தூக்கித் தராசில் வைத்தாள். முள்ளைப் பார்த்தாள். முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகுக்குள் தலையை நீட்டினாள்.

"இன்று எவ்வளவு?" என்றது பெட்டி.

"பதினாலு கிலோ! எறா! நல்லா கேட்டுக்க, பதினாலு!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். "பொழப்பே போவப்போவுது, கண்ணு பட்டா இன்னா, படாட்டி இன்னா? பினாயில் காய்ச்சறவனுக்கு எவன் கண்ணு வெக்கப் போறான்?"

அவள் மடியிலிருந்து உப்பும் மிளகாயும் எடுத்துப் படகைச் சுற்றித் தண்ணீரில் போட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு படகாக வந்தது. எண்ணைச் சொல்வார்கள், உடனே மூன்று முறை துப்புவார்கள். ஒருத்தர் சொல்லிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். ஏழு நாளும் அப்படியே நடந்தது. எல்லாரும் துப்பித் துப்பிப் பெட்டிகளைத் துடைப்பது எனக்குப் பெரிய வேலையாகப் போனது.

எட்டாம் நாள் மேடம் போன் செய்தார்.

"திருத்தத்த ஏத்துக்கிச்சு பூங்காவனம். ஆனா மூணு வருஷம் இப்ப அஞ்சு வருஷமாயிடுச்சு."

"என்னது?"

"முன்னாடி, மீன் கம்மியா இருக்கு, அதனால மூடுன்னு சொல்லுச்சு. இப்ப, நீங்க ரெண்டு மடங்கு அள்ளியிருக்கீங்க, அதனால மூடுன்னு சொல்லுது."

"மீனு ரெண்டு மடங்கு இருக்குன்னு அது ஏன் நெனைக்கக் கூடாது?"

"மீன் பெருகற அளவு அதுக்குத் தெரியும். குஞ்சுங்க கம்மியாத்தான் வருது. ஏதோ ஒண்ணு குஞ்சுங்களக் கொல்லுது. அதுகிட்ட இருக்கற கணக்குப்படி அது உங்க வலைதான். இன்னொண்ணும் சொல்லணும். இனிமே நீங்க எதைச் சொன்னாலும் அது ரெண்டால பெருக்கிக்கும்."

"இப்பதான் நெசத்தச் சொல்றோமே மேடம்!"

"அதுக்குத் தெரியாதே."

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை ஏரியில் எறிந்திருப்பேன். பொய் சொன்னபோது நம்பியது. உண்மை சொன்னதும் பெருக்குகிறது. சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம் என்றால் மனுஷன் எங்கேதான் போவது?

"வடக்கு வாயில அனல் மின்நிலையம் சுடுதண்ணி வுடுது. குஞ்சுங்க அங்கதான கடல்லேர்ந்து உள்ள வரும்? அத நிகரேரி பாக்கலயா?" என்றேன்.

"பாக்குது. ஏரியவிட ஒரு டிகிரிதான் அதிகம்னு அவங்க தரவு குடுத்திருக்காங்க."

"அவங்க பாதி சொல்லியிருந்தா?"

அந்தப் பக்கம் மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.

"அவங்க தரவத் திருத்தச் சொல்லி நான் எழுதிக் குடுக்கறேன் மேடம்."

"முடியாது. யார் தரவோ அவங்கதான் திருத்த முடியும். அது சட்டம்."

"இப்டி ஒரு சட்டத்த எந்த மடையன் எழுதினான்?"

"நான்தான்" என்றார் மேடம். "பெரிய கம்பெனிக்காரங்க வந்து மீன்காரங்க சொல்றதெல்லாம் பொய்னு உங்க தரவ அடிச்சிடக் கூடாதுன்னு எழுதினேன். உங்களக் காப்பாத்தறதா நெனச்சுதான் எழுதினேன்."

அவர் மேல் கோபப்படக்கூட முடியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அதோட, அவங்க சொல்றத உங்க படகுக் கம்பியும் உறுதி பண்ணுது பூங்காவனம். ஆறு வருஷமா ஏரி முழுக்க ஒரே சூடு, சராசரி இருபத்தொன்பது டிகிரி. வடக்கு வாய் பக்கம் போற படகுலயும் அதே இருபத்தொன்பது. தண்ணி அவ்வளவு நல்லா கலக்குதேன்னு நாங்க ஒரு கட்டுரையே எழுதினோம்."

நான் அப்போது கரையில் அண்ணன் படகுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பெட்டியின் கம்பியைப் பார்த்தேன். அது தண்ணீரில் இல்லை. சுருட்டிப் படகின் கட்டையில் மாட்டியிருந்தது. அதன் மேல் அண்ணன் தன் வெற்றிலைப் பையைத் தொங்கவிட்டிருந்தார். பக்கத்துப் படகைப் பார்த்தேன். அங்கேயும் சுருட்டித்தான் இருந்தது. கம்பி தண்ணீரில் தொங்கினால் வலையில் சிக்கும். முதல் வாரத்திலேயே எல்லாரும் சுருட்டி வைத்துவிட்டார்கள். எனக்கும் தெரியும். நான்தான் மாதா மாதம் 'அனைத்தும் சரியாக உள்ளது' என்று எழுதிக் கொடுத்தேன். ஆறு வருடமாக நிகரேரிக்கு நாங்கள் அனுப்பியது படகுக்குள் அடித்த காற்றின் சூடு. மின்நிலையம் சொன்ன கணக்குக்கு நாங்களே சாட்சிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

"மேடம், எங்க தரவ நாங்க திருத்தலாம்தானே?"

"திருத்தலாம். நாளையோட டைம் முடியுது. ஆனா தப்புக்கு யாராவது பொறுப்பேத்துக்கணும்."

"ஏத்துக்கறேன்."

"உங்க வேலை போயிடும்."

"தெரியும் மேடம்" என்றேன். தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர, வைத்ததும் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் மூடுவதற்கு முந்திய கடைசி நாள். கடைசிப் பாடு. அண்ணனுக்குத் தெற்கு மேடு. அத்தனை படகுக்கும் அன்றைக்கு ஒரு நாள் அள்ளினால்தான் உண்டு. நான் போய், கம்பியைத் தண்ணீரில் விட்டு நிஜச் சூட்டை அளக்க நாற்பது படகையும் வடக்கு வாய்க்கு வரச் சொல்லிக் கேட்டேன். இந்தத் தடவை யாரும் என்னை அடிக்க வரவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அங்க ஒரு எறாத் தலைகூடக் கெடைக்காது, பூங்கா" என்றார் அண்ணன்.

"தெரியும் ண்ணா."

அவர் வெற்றிலைப் பையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். கம்பியைப் பிரித்துத் தண்ணீரில் விட்டார்.

காலை பத்து மணிக்கு நாற்பது படகும் வடக்கு வாயில் போய் நின்றது. நானும் அண்ணன் படகில் இருந்தேன். தண்ணீரில் கையை வைத்தேன். குளிக்க விளாவின வெந்நீர் மாதிரி இருந்தது. செத்த பொடிமீன் வெள்ளையாக ஒதுங்கிக் கிடந்தது. வலையைப் போட்டுத்தான் ஆக வேண்டும், போட்டால்தான் பெட்டி கணக்கில் எடுக்கும். போட்டோம். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். கம்பி முப்பத்தொன்பது டிகிரி காட்டியது.

வலையை இழுத்தார்கள். பாசியும் ஒரு செருப்பும் வந்தன. படகுகளைக் கரைக்குத் திருப்பினார்கள்.

"இன்று எவ்வளவு?" என்றது பெட்டி.

"ஒண்ணும் இல்ல" என்றார் அண்ணன். துண்டுக்கடியில் ஒளிக்கவில்லை, ஏரியைப் பார்க்கவில்லை, துப்பவும் இல்லை. அடுத்த படகிலிருந்தும் அதே பதில் வந்தது. அதற்கடுத்த படகிலிருந்தும் வந்தது. நாற்பது தடவை கேட்டேன். எங்கள் ஊர் பாதியாக்க முடியாத, அந்த இயந்திரம் இரட்டிப்பாக்க முடியாத ஒரே எண் அதுதான்.

படகிலேயே உட்கார்ந்து போனில் திருத்த மனுவை அனுப்பினேன். கம்பிகள் நீருக்கு வெளியே இருந்ததை அறிந்தும் சரியென்று எழுபத்திரண்டு மாதம் கையெழுத்திட்டேன் என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன்.

சாயங்காலம் நாங்கள் கரையில் நிற்கும்போது மேடம் கூப்பிட்டார். போனை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தேன்.

"ரெண்டு தரவு முரண்பட்டா உத்தரவ முப்பது நாள் நிறுத்தி வெக்கணும். நின்னிருக்கு. முப்பது நாள் நீங்க வலை போடலாம்."

"அதுக்கப்புறம் மேடம்?"

"மின்நிலையத்துக்காரங்க அவங்க கருவியச் சரிபார்த்து பதில் சொல்லணும்."

"அவங்க கருவிய அவங்களே பாப்பாங்களா?"

"ஆமா" என்றார். பிறகு மெதுவாக, "உங்க ஒப்பந்தம் இன்னையோட முடியுது. என்னை மன்னிச்சுடுங்க" என்றார்.

முப்பது நாள். ஆறு வருடக் கையெழுத்துக்கும், ஏழு நாள் உண்மைக்கும், ஒரு தெற்கு மேட்டுப் பாட்டுக்கும், என் வேலைக்கும் சேர்த்துக் கிடைத்தது இவ்வளவுதான். எனக்குச் சந்தோஷப்படுவதா, மண்ணை வாரித் தூற்றுவதா என்று தெரியவில்லை. அண்ணி மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடையைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

அந்த நேரத்தில் பக்கத்துக் குப்பத்துக்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். அவர்கள் ஏரிக்கும் இதே உத்தரவு வரப்போகிறது என்று பேச்சு.

"இன்னா தேசப்பா, உங்களுக்கு எதுனா டைம் குடுத்தானா? எவ்ளோ நாளு?"

அண்ணன் ஏரியை ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏதோ, ஒரு பதினஞ்சு நாளு" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. யார் தரவோ அவர்தான் திருத்த வேண்டும்.